கப்பல் வராத தேதிகள்

என் மேஜைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியின் கடைசித் தட்டில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் கிடக்கிறது. என்னுடையதல்ல. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதன்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படரும். பழந்துணியால் துடைத்து, துளி தேங்காயெண்ணெய் தடவி, மறுபடி உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவேன். அது யாருடையது என்று அலுவலகத்தில் இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் பலமுறை யோசித்து வைத்திருக்கிறேன்.

அதன் சொந்தக்காரர், போர்ட் பிளேயரிலிருந்து கப்பலில் போக வேண்டிய ஹட் பேயில், பவர் ஹவுஸ் லைன்மேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். மின்வேலை செய்கிறவர்களுக்குத் தேர்வு வைத்து உரிமம் கொடுக்க போர்ட் பிளேயரில் ஒரு போர்டு அமைந்தபோது, அதில் ஐந்து இடங்கள் இருந்தன. தலைவர், மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த பெரிய இன்ஜினீயர். இரண்டு அதிகாரிகள், ஒரு கான்ட்ராக்டர். ஐந்தாவது இடம், உரிமம் பெற்ற தொழிலாளிகள் தங்களுக்குள் பார்த்து அனுப்புகிற ஆளுக்கு. தீவு தீவாகச் சிதறிக் கிடந்த அவர்கள் எல்லாரும் சேர்ந்து அண்ணாச்சியை அனுப்பினார்கள். நான் அந்த போர்டின் குமாஸ்தா. தற்காலிக வேலை. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அப்பா கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் மூட்டை தூக்கினார். சம்பள நாளில் பெருவிரலை மையில் அழுத்துவார்.

முதல் கூட்டத்துக்கு அண்ணாச்சி கப்பலிலிருந்து ரப்பர் செருப்போடு இறங்கி, நேராக பஜாருக்குப் போய் அந்த பூட்ஸை வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டுக்கொண்டே கயிறு கட்டினார். "பெரியவங்க நடுவுல உக்காரணும்லா, தம்பி. செருப்போட போனா என்னைய அனுப்புனவனுவளுக்குல்லா கேவலம்." கூட்டம் முடிந்ததும் கழற்றி என்னிடமே கொடுத்தார். "அங்க கொண்டு போனா உப்புக் காத்துல ஒரு மாசம் தாங்காது. உன் அலமாரில கெடக்கட்டும். பொண்ணு பாக்கப் போறேன்னு நீ மாட்டிக்கிட்டுப் போயிராத, என்ன?"

அந்த முதல் கூட்டத்தில் அவர் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். உரிமத் தேர்வு இங்கிலீஷில் எழுத்துத் தேர்வாக மட்டும் இருக்கக்கூடாது. பல வருஷம் வேலை செய்த பழைய ஆட்களைக் கருவியைக் கையில் கொடுத்து, அவரவருக்குத் தெரிந்த பாஷையில் வாயால் கேட்டுச் சோதிக்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே உரிமம் இருந்தது. அவர் கேட்டது மற்றவர்களுக்காக. குறிப்பாக, ஹட் பேயில் அவரோடு வேலை செய்த, எல்லாரும் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற ஒரு வங்காளிக்காக. "அந்த தாதாவ பேப்பர்ல எழுதச் சொன்னா அழுதுருவான், தம்பி. எஞ்சின்மேல கைய வச்சான்னா, எனக்கு இங்கதான் நோவுதுன்னு அது அவன்ட்ட சொல்லும்." அவர் பேசிய தீவு ஹிந்தியைக் கேட்டு கான்ட்ராக்டர் தலையை ஆட்டினார். அதிகாரிகள் ஜன்னலைப் பார்த்தார்கள். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போடப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. கப்பலின் எஞ்சின் பழுது. அதில் யார் தப்பும் கிடையாது. மூன்று பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்பது விதி. நான்கு பேர் இருந்தார்கள். கோரிக்கை வைத்தவர் இல்லாததால் அது மறுபடி தள்ளிப் போயிற்று. எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. தலைவர் தேநீரைக் குடித்தபடி, இன்று கூட்டம் எவ்வளவு சுமுகமாக நடந்தது பார்த்தாயா என்றார். பிறகு அடுத்த கூட்டத்தைப் பற்றி, "டேட் தும் ஹீ தேக் லோ, பாபு" என்றார். தேதியை நீயே பார்த்துக்கொள். அவ்வளவுதான் சொன்னார். என் வேலையை நிரந்தரமாக்குவதற்கான காகிதம் அந்த வாரம் அவர் மேஜையில் இருந்தது.

நான் தேதியைப் பார்த்தேன். எந்தக் கப்பல் என்று வரும், என்று கிளம்பும் என்பது எங்கள் வீட்டில் அடுப்பெரிகிற விஷயம். அப்பாவின் கூலி அதில்தான் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிற ஹட் பே கப்பல் வியாழக்கிழமை வந்து சேரும் என்று தெரிந்துகொண்டு, புதன்கிழமைக்குக் கூட்டம் வைத்தேன். விதிப்படி ஏழு நாள் முன்னதாக நோட்டீஸைத் தபாலில் சேர்த்தேன். அந்தத் தபாலும் அதே கப்பலில்தான் போகும். தபாலில் சேர்த்தால் போதும், போய்ச் சேர வேண்டும் என்று விதியில் இல்லை. போலீஸ் வயர்லெஸ்ஸில் ஒரு வரி சொல்லச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "ஹட் பே ஜஹாஸ் நாளைக்கில்ல வருது? ஒங்க லைன்மேன் இல்லாமயா மீட்டிங் நடந்துச்சு?"

"மூணு பேர் இருந்தாப் போதும்ப்பா. ரூல் அப்படி."

அவர் இன்னொரு காலையும் கழுவினார். பிறகு, "படிச்சவன் நீ. சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால், ஒருவேளை நான் அதோடு நிறுத்தியிருப்பேன். அவர் நம்பினார். அதற்கடுத்த கூட்டத்தின் தேதியையும் நான் அப்படியே போட்டேன்.

முன்கூட்டி விடுப்புக் கேட்காமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவரின் இடம் காலியாகும். அண்ணாச்சி விடுப்புக் கேட்டு எழுதாமல் இல்லை. ஒருவேளை கப்பல் பிந்தினால் என்று யாரையோ பிடித்து எழுதித் தபாலில் போட்ட கடிதம் வந்தது, கடைசியில் அவரே ஏறி வந்த அதே கப்பலில். 'கூட்டத்துக்கு மறுநாள் பெறப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதினேன். அந்தக் கோப்பை யார் எடுத்துப் புரட்டினாலும் ஒரு பொய்யைக்கூடக் காட்ட முடியாது. தலைவரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஓட்டுக்கு விட்டு அந்தக் கோரிக்கையைத் தோற்கடித்திருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். ஆளே இல்லாமல் அது செத்துப்போனதால் யாருக்கும் பொல்லாப்பு இல்லை.

அவர் தவறவிட்ட மூன்றாவது கூட்டத்துக்கு மறுநாள், கப்பல் வரும் நாளில்தான் கூட்டம் இருக்கும் என்று நம்பி, கடிதத்துக்குப் பின்னாலேயே அண்ணாச்சியும் வந்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அலமாரியைத் திறந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸைக் காலில் மாட்டினார். இரண்டாவது கயிற்றைக் கட்டும்போதுதான், "என்ன தம்பி, மீட்டிங் ரூமு பூட்டிக் கெடக்கு?" என்றார்.

கூட்டம் நேற்றே முடிந்துவிட்டது, உங்கள் இடமும் போய்விட்டது என்று சொன்னேன். அவர் குனிந்தபடியே இருந்தார். கயிற்றை மெதுவாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

"நீ என்ன செய்வ, தம்பி. கடல்கிட்டப் போயி சண்டையா போட முடியும்?" என்றார். "தாதாகிட்டதான் என்ன சொல்லன்னு தெரியல." எழுந்து, பூட்ஸை அதே தட்டில் ஜோடி சேர்த்து வைத்தார். "இருக்கட்டும். அடுத்தாப்புல எங்காளு எவனாவது வருவாம்லா. காலுக்குச் சரியா இருந்தா மாட்டிக்கிடட்டும்."

அடுத்து வந்தவர் போர்ட் பிளேயரிலேயே இருந்த சூப்பர்வைசர். அவருக்குச் சொந்தமாகவே நல்ல பூட்ஸ் இருந்தது. அந்தக் கோரிக்கையை அவர் எடுக்கவில்லை. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அப்பா ஜெட்டியில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

போன மாதம் அலுவலக வேலையாக ஹட் பே போனேன். பவர் ஹவுஸ் வாசலில், இருபது வயதுப் பையன் ஒருவன் கையை வீசிக்கொண்டு நடக்க, பின்னால் நரைத்த ஒருவர் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையனிடம் உரிமம் இருந்தது. பின்னால் வந்தவர்தான் அந்த தாதா. அண்ணாச்சி என்னைக் கண்டதும் ஓடி வந்து தோளைப் பிடித்து அவர் முன் நிறுத்தினார். "தாதா, யே ஹமாரா ஆத்மி ஹே, போர்டு மே." போர்டில் நம்ம ஆள். தாதா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

திரும்பும்போது அண்ணாச்சி ஜெட்டிவரை வந்தார். "என் பூட்ஸு இன்னும் கெடக்கா, தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கிடக்கிறது என்றேன். கப்பல் நகர்ந்தது.

அவர் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அதனால்தான் இதைத் தமிழில், அவருக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன். பூட்ஸைத் துடைத்து, புதுக் கயிறு கோத்து, இந்தத் தாள்களை வலது கால் பூட்ஸுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். ஹட் பே கப்பல் எப்போது என்று காலையில் அப்பாவிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன், முழுவதையும். நெடுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "வெள்ளிக்கெழம காலையில கெளம்புது" என்றார்.