இடது கண்ணில் மட்டும் வளர்ந்த இமைமுடி

மாமாவின் இடது கண்ணில் மட்டும் இமைமுடி நீளமாக வளர்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அத்தை. மாமா என் அம்மாவின் தம்பி. அத்தை அவர் மனைவி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரே காம்பவுண்டில் நாங்கள் முன் வீட்டிலும் அவர்கள் பின் வீட்டிலும் குடியிருந்தோம். பின் வீட்டில் கிளம்பும் எந்தச் சந்தேகமும் அடுப்பில் பால் பொங்குவதற்குள் எங்களிடம் வந்துவிடும்.

"மை போட்டுக்கினு திரியறாரு அண்ணி, உங்க தம்பி. அதுவும் ஒத்தக் கண்ணுல."

அம்மா நம்பவில்லை. ஆனாலும் மாமா குனிந்து ஷூ மாட்டும்போது பக்கத்தில் போய் உற்றுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். வழக்கு பதிவாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

சாட்சியங்கள் ஏற்கெனவே நிறைய இருந்தன. மாமா ஓர் இரும்புக் கம்பி ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். எங்கள் பக்கத்தில் அது நாலு பேர் மதிக்கும் வேலை. திடீரென்று அதை விட்டுவிட்டு பேக்கிங்கில் போய் நின்றார். கேட்டால் முதுகுவலி என்றார். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தால் அந்த இடது கண் வேறு சிவந்திருக்கும். குடிக்கிறார் என்று முடிவு செய்தோம். வாயை முகர்ந்து பார்க்கும் பொறுப்பு, கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும் வயதில் இருந்த என்னிடம் வந்தது. தினமும் தொங்கினேன். ரோஸ்மில்க் வாசனைதான் அடித்தது.

அதுதான் அத்தையை நிலைகுலைய வைத்தது. குடித்தால் சண்டை போடலாம். ரோஸ்மில்க்குக்கு என்ன சண்டை போடுவது? ரோஸ்மில்க் கிடைப்பது பஸ் நிறுத்தத்து ஜூஸ் கடையில்; அதை வைத்திருந்த அக்காவுக்குப் புருஷன் இல்லை, சிரித்த முகம் வேறு. அத்தை சரியாகச் சாப்பிடுவதை விட்டாள். தாய் வீட்டுக்குப் போகப் பையில் துணிகூட எடுத்து வைத்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, நீ போய் பாத்துக்கினு வா. இன்னா நடக்குதோ அப்டியே சொல்லு. எனுக்காவ கம்மி பண்ணாத" என்றாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

டியூஷன் விட்டு வரும் வழியில் ஒரு லாரியின் மறைவில் நின்று பார்த்தேன். மாமா கடை பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். அந்த அக்கா ஃபிரிட்ஜிலிருந்து எதையோ எடுத்துவந்து அவர் முகத்துக்கு மேலே குனிந்தார். பிறகு மூக்கோரமாகக் கண்ணின் முனையை விரலால் அழுத்திக்கொண்டு நெடுநேரம் நின்றார். மாமா கண்ணை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி இருந்தார்.

வீட்டுக்கு வந்து, "மாமா அழுவுறாரு, அந்த அக்கா கண்ணைத் தொடச்சி உடுறாங்க" என்றேன். நான் கம்மி பண்ணவில்லை.

மறுநாள் சாயங்காலம் அத்தை முன்னால் நடக்க, அம்மாவும் நானும் பின்னால் போனோம். அந்த அக்கா குனிகிற சமயம் பார்த்து அத்தை பாய்ந்து கையில் இருந்ததைப் பிடுங்கினாள். சின்ன பிளாஸ்டிக் புட்டி. ஜூஸ் கடை அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

"இந்தாம்மா, இனிமே நீயே ஊத்து. தானா ஊத்திக்கினா பாதி கன்னத்துல போவுதுன்னு எங்கிட்ட வர்றாரு. ஊத்துனப்புறம் மருந்து மூக்குல எறங்காம ஓரத்த அழுத்தி வேற புடிக்கணும். அங்க இந்திக்காரப் பசங்க ஜூஸுக்கு நிக்கறாங்க, எனுக்குத் தினம் இதே பேஜாரு."

மாமா எல்லாவற்றையும் அங்கேயே சொன்னார். இடது பக்கம் அடுக்கியிருந்த கம்பிக்கட்டு தெரியாமல் வண்டியை அதில் மோதியிருக்கிறார். பயந்துபோய் கண் முகாமில் காட்டியபோது கிளாக்கோமா என்றிருக்கிறார்கள். கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பைக் கெடுக்கிற நோய். இமைமுடி வளர்வதும் கண் சிவப்பதும் சொட்டு மருந்தின் வேலை. அதைக் குளிர்ச்சியில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் ஒத்தக் கண்ணன் என்று பேர் வைத்துவிடுவார்கள் என்று அந்த அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறார்.

அத்தை சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள். புட்டி எங்கள் ஃபிரிட்ஜில் முட்டை வைக்கும் குழிக்கு வந்து சேர்ந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு அடுத்த சந்தேகம். "எப்ப சரியாவும்?"

"சரியாவாது. போன பார்வை வராது. இருக்கறது போவாம இருக்கத்தான் மருந்து. நிறுத்தவே கூடாதாம்" என்றார் மாமா.

குணமாக்காத மருந்து என்ன மருந்து என்று அத்தை டாக்டரைச் சந்தேகித்தாள், மருந்துக் கடைக்காரரையும் சேர்த்து. அதற்குள் மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"யக்கா, இது கூடப் பொறந்தவங்களுக்கும் வருமாம். வலிக்காது, ஒண்ணுமே தெரியாது. நீயும் ஒருதபா காட்டிக்கோ."

"எனுக்கு இன்னாடா கேடு? எடுத்தாடி அந்த ஊசிய" என்றாள் அம்மா என்னிடம்.

இருப்பதிலேயே சின்ன ஊசியாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். அம்மா நூலை எச்சில் தொட்டு முறுக்கி, ஒரே வீச்சில் கோத்து, எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். அத்தை சிரித்தாள், நான் கைதட்டினேன். மாமா மறுபடி ஏதோ சொல்ல வந்து, எங்கள் சத்தத்தில் விட்டுவிட்டார்.

அம்மாவுக்கும் அதே நோய்தான் என்று தெரியவர இன்னும் பல வருடங்கள் ஆயின. அதற்குள் இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை போய்விட்டிருந்தது. அந்த நோய் பார்வையை ஓரத்திலிருந்துதான் தின்றுகொண்டு வரும், முகத்துக்கு நேரே இருக்கும் ஊசியின் காது கடைசிவரை தெரியும் என்று, அன்றைக்குக் கைதட்டிய எனக்குத் தெரியாது.