பெயர் சொல்லாத அரசி

தோழியருக்கு,

பேயை நம்பாத ஒருத்தி ஒரு பேய்க்கதையை ஏன் இரண்டு முறை படிக்கிறாள்? எனக்குத் தெரியவில்லை.

நம் வாசக வட்டத்துக்குப் போன மாதம் வந்த மோகினிக் கதையைப் பாதியில் மூடிவிட்டேன். இந்தச் சரித்திரத் தொடர்கதையை அப்படி மூட முடியவில்லை. இத்தனைக்கும் இதில் சோழர் அரண்மனையில் மிளகாய்க் குழம்பு வைக்கிறார்கள். மிளகாய் இந்நாட்டுக்கு வந்ததே பல நூற்றாண்டு கழித்து!

போரில் இறந்த அரசன் தினமும் அந்தியில் வாசலில் வந்து நிற்கிறான். அரசி பெயர் சொல்லி அழைத்தால்தான் உள்ளே வர முடியும். கணவன் பெயரைச் சொல்லக்கூடாதென்று அவள் கடைசிவரை அழைக்கவேயில்லை.

இன்று மலையிலிருந்து இறங்கி, ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி போகும் பஸ்ஸில் அதை மறுபடி விரித்தேன். பக்கத்தில் இருந்த தோல் வியாபாரி வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இதுவா? நானும் படிச்சேங்க. செத்தவருக்கு இன்னாங்க மரியாதை? நானா இருந்தா ஊரே கேக்கக் கூப்ட்டிருப்பேன்."

"நடக்கிற கதையா இது?" என்றேன்.

"நீங்க உங்க வூட்டுக்காரரு பேரைச் சொல்வீங்களாக்கா?"

"அவர் இறந்துவிட்டார்."

அவர் என் பக்கம் நன்றாகத் திரும்பினார். பிறகு மெதுவாக, "அப்ப இன்னாக்கா தடை?" என்றார்.

நான் மிளகாயைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

நீங்களாக இருந்தால் அழைப்பீர்களா? எழுதுங்கள்.

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். மறுநாள் மலைமேல் உள்ள என் வீட்டுக்குத் திரும்பி, விளக்கேற்றியதும் வாசலைப் பார்த்து அவர் பெயரைச் சொன்னேன். எதிர்பார்த்தபடியே யாரும் வரவில்லை. குளிர் உள்ளே வந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை.