ஏழாம் பகுதி மட்டும் ஏன் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது?

எட்டு என்றால் ‘தெரியாது’. ஒன்பது என்றால் ‘சொல்ல மாட்டேன்’. இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழைதானே என்று நமக்குத் தோன்றும். கருத்துக் கணிப்பு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்து மேசையில், இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள். தெரியாதவர் வேறு, தெரிந்தும் வாய் திறக்காதவர் வேறு, இருவரையும் ஒரே பெட்டியில் போட்டால் ஊரின் அறியாமை எது பயம் எது என்று தெரியாமல் போய்விடும் என்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். சாயங்காலம் என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் கணவர் தரும் பதில் எட்டு. மாதத்தில் இரண்டு நாள் ஒன்பது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சில ஆயிரம் வாக்காளர்களை வீடு தேடிப் போய், அதே கேள்விகளை, அதே சொற்களில் கேட்கிறார்கள். ஒவ்வொரு கேள்வியும் கணினி அட்டவணையில் ஒரு பத்தியாகிறது. அதற்கு ‘மாறி’ என்று பெயர். பெயர்தான் மாறி, அது கண்டபடி மாறாமல் பார்த்துக்கொள்வது இந்த அம்மாளின் வேலை. கேள்வி என்ன, எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், யாரிடம் கேட்டார்கள், யாரைத் தாண்டிப் போனார்கள், எந்தச் சுற்றில் எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்று எல்லாவற்றையும் எழுதிவைப்பார். எழுதி எழுதி ஆயிரத்து நூறு பக்கம் ஆகிவிட்டது. அலுவலகத்தில் அவருக்கு ‘அகராதி’ என்று பட்டப்பெயர். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டென்று அவருக்குத் தெரியும். அதையும் மறுப்பதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேட்கப் போகிறவர்கள் படிவத்தின் ஓரத்தில் கிறுக்குவதைக்கூட விடமாட்டார். ‘நாய் குரைத்ததால் பன்னிரண்டாம் கேள்வி இரண்டு முறை கேட்கப்பட்டது’, ‘மாமியார் பக்கத்தில் நின்றதால் பதில் மெல்லிய குரலில் வந்தது’ என்பவையெல்லாம் புத்தகத்தில் ஏறிவிடும். இது ஆவணமா, தெருக்குழாயடியா என்று இயக்குநர் பலமுறை கேட்டிருக்கிறார்.

கேள்வி கேட்கப் போகிறவர்களில் முப்பத்தொன்றாம் எண், அகராதியின் நாத்தனார். கணவருடன் பிறந்த தங்கை. இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டதாக எந்தச் சுற்றிலும் பதிவு இல்லை.

சங்கடம் என்னால்தான் வந்தது. வாரம் ஒருமுறை பத்திரிகையில் எதையாவது கிண்டல் செய்வது என் பிழைப்பு. போன வருடம் விஷயம் கிடைக்காமல் இவர்களுடைய பழைய அட்டவணைகளைப் புரட்டினேன். ஆறு வருடத்துக்கு முந்தைய பதினான்காம் சுற்று. இருபத்திரண்டாம் கேள்வி: ‘உங்களைப் போன்றவர்கள் சொல்வதை அரசாங்கம் காதில் போட்டுக்கொள்கிறதா?’ ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் முழுமையாக. நாடு முழுக்க ஒன்றிலும் இரண்டிலும் முனகிக்கொண்டிருக்க, ஏழாம் பகுதி மட்டும் ஐந்தில் குதித்துக்கொண்டிருந்தது. விடுவேனா? அரசாங்கம் தன் காதை அந்தப் பகுதிக்கு மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறது, எல்லோரும் அங்கே குடிபோவோம் என்று எழுதினேன். வாசகர்கள் சிரித்தார்கள்.

இயக்குநர் சிரிக்கவில்லை. ஏழாம் பகுதிக்குப் போனது யார் என்று பார்த்தார். முப்பத்தொன்று. இருநூற்றுப் பன்னிரண்டு படிவம், எல்லாம் ஒரே பாட்டு. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வீட்டிலேயே நிரப்பிவிட்டார் என்று முடிவு கட்டினார். அந்தப் படிவங்களை நீக்குவது, முப்பத்தொன்றைப் பட்டியலிலிருந்து எடுப்பது, இரண்டையும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானிப்பதாக இருந்தது. அடுத்த மாதம் புதுச் சுற்று தொடங்க வேண்டும்.

கூப்பிட்டு விசாரித்தபோது, ஆறு வருடத்துக்கு முன் எந்த வாசலில் யார் என்ன சொன்னார்கள் என்று நாத்தனாருக்கு எதுவும் நினைவில்லை. நடந்தேன், அதற்கு மேல் என் கால்தான் சாட்சி என்று சொல்லிவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

“நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா அண்ணி?”

“நான் நினைக்கிறதை வச்சு என்ன பண்றது? படிவத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்.”

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நீ யார் பக்கம் என்று கணவர் கேட்டார். அன்றைக்கு அகராதியின் பதில்தான் எட்டு.

மறுநாள் காலை அகராதி தன் புத்தகத்தில் பதினான்காம் சுற்றைத் திறந்தார். ஓரக் குறிப்புகள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்தக் கேள்விக்கு மட்டுமல்ல, சுற்று முழுவதற்குமே. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த வருடம் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று மேலிடம் நெருக்கியிருந்தது. ஓரத்தில் இருப்பதை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் மேடம் என்று இயக்குநர் சொன்னார். இவருக்கும் அலுப்பு. விட்டுவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் எங்கே சறுக்கினோம் என்பது யானைக்கு மறக்காது.

கீழ்த்தளக் கிடங்கில் ஏழாம் பகுதிக்கு மூன்று பெட்டிகள் இருந்தன. அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் பெட்டி, முதல் படிவம், இருபத்திரண்டாம் கேள்விக்குப் பக்கத்தில் நாத்தனாரின் சாய்ந்த கையெழுத்து: ‘கார்டில் சொல் வரிசை தலைகீழாக இருக்கிறது. விரல் வைக்கிற வரியின் எண்ணைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதையே எழுதுகிறேன். ஆபீசில் பார்த்துக்கொள்ளவும்.’ கூடவே அந்தக் கார்டையும் குத்தி வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். கேள்வி கேட்பவர் பதிலைத் தன் வாயால் எடுத்துக்கொடுக்கக் கூடாது. கார்டை நீட்ட வேண்டும், வீட்டுக்காரர் ஒரு வரியில் விரல் வைப்பார், அந்த வரியின் எண்ணை எழுத வேண்டும். ஏழாம் பகுதிக்குக் கார்டு பற்றாமல் போய், யாரோ அவசரத்துக்கு வேறு கடையில் அச்சடித்திருக்கிறார்கள். எண்கள் சரி. சொற்கள் மட்டும் தலைகீழ்: ‘முழுமையாக’வுக்கு ஒன்று, ‘இல்லவே இல்லை’க்கு ஐந்து. ஜனங்கள் ‘இல்லவே இல்லை’யைத் தொட்டார்கள், இவர் விதிப்படி ஐந்து எழுதினார். நான் குடிபோகச் சொன்ன ஏழாம் பகுதிதான் நாட்டிலேயே அதிகமாக நொந்துபோயிருந்த பகுதி. வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்கிறவர் யாரும் இன்னொருவருடைய அச்சுப் பிழையைக் கற்பனை செய்ய மாட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு வாசலும் ஏறியதற்கு அந்தப் பிழையே அத்தாட்சி.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் அகராதி கார்டையும் படிவத்தையும் மேசைமேல் வைத்தார். இயக்குநர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நீக்க வேண்டியதில்லை, எண்களைச் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டுவிடுவோம், காரணமெல்லாம் எழுதி அலுவலகத்தின் மானத்தை வாங்க வேண்டாம் என்றார்.

“எண்ணை மாத்தலாம் சார். எதுக்கு மாத்தினோம்னு எழுதாம மாத்தினா, அதுக்குப் பேருதான் வீட்ல உக்காந்து நிரப்புறது.”

அப்படியானால் உங்கள் தவறும் சேர்ந்து ஏறுமே என்றார் அவர். ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்று தாளை நீட்டினார் அகராதி. இயக்குநர் படித்தார். இங்கே அவரைக் கிண்டல் செய்ய எனக்கு வாய்ப்புத் தராமல் ஒரு காரியம் செய்தார். “விடச் சொன்னது நான்தானே மேடம். அதையும் போடுங்க.”

இப்போது பதினான்காம் சுற்று, இருபத்திரண்டாம் கேள்வியின் அடிக்குறிப்பு இப்படி இருக்கிறது: ‘ஏழாம் பகுதியில் கார்டின் சொல் வரிசை தலைகீழாக அச்சாகியிருந்ததால் எண்கள் திருப்பப்பட்டுள்ளன. களப்பணியாளர் 31 இதை முதல் வீட்டிலேயே கவனித்து எழுதிவைத்தார். ஆவணப்படுத்தியவர் அதைச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டாம் என்று அலுவலகம் சொல்லியிருந்தது. 31-க்கு நன்றி.’ ஆயிரத்து நூறு பக்கத்தில் நன்றி என்ற சொல் வருவது அங்கே மட்டும்தான்.

மன்னிப்புக் கேட்க நானும் அகராதியிடம் போனேன். நாங்க கொடுத்த எண்ணைத்தானே போட்டீங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அடிக்குறிப்பில் என் பெயர் இல்லை என்பதை இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டேன். அந்தப் பெருந்தன்மைக்கு நான் கடமைப்பட்டவன். அடுத்த வாரமே என் கட்டுரையையும் திருத்தி எழுதினேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நான் இருக்கும்போதே புதுச் சுற்றுக்குக் கார்டு வாங்க நாத்தனார் வந்தார். கார்டை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தார். பிறகு புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தார். பிரதி ஒன்று வேண்டும் என்றார். மடித்துப் பைக்குள் வைத்தார்.

“இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லியிருக்கீங்க அண்ணி. அதையும் அடிக்குறிப்புல போட்டுட்டீங்க.”

அகராதி எழுந்து, நாத்தனாரின் பையில் துருத்திக்கொண்டிருந்த காலித் தண்ணீர் பாட்டிலை உருவி, பக்கத்துக் குழாயில் கழுத்துவரை பிடித்து, மூடியை இறுக்கித் திருகி நீட்டினார்.

“ஏழாம் பகுதில மேடு ஜாஸ்தி. மெதுவா நட.”