நீடாமங்கலத்தில் மழை, தஞ்சாவூரில் வெயில்

பல்கலைக்கழக வருகைப் பதிவு விதிகளில் ஏழாவது பிரிவு இது: மாவட்ட ஆட்சியர் மழைக்காக விடுமுறை அறிவித்த நாள் மாணவரின் வருகைக் கணக்கில் சேராது. எந்த மாவட்டத்து ஆட்சியர் என்று விதி சொல்லவில்லை. அதை எழுதியவர் ஒரே மாவட்டத்துக்குள் பிறந்து, படித்து, ஓய்வும் பெற்றவராக இருக்க வேண்டும்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்பு எழுதியவன். ஓய்வு பெற்ற மறு வருடம் தஞ்சாவூரில் உயர்நிலை ஆங்கிலத் திறன் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். மாலை வகுப்பு, பதினோரு பேர். ஆங்கிலம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வாரமே பேராசிரியை என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, "சார், இதுல யாரு யாருக்கு என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

பக்கத்து இருக்கையில் நீடாமங்கலத்துத் தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர். நாற்பது வயது இருக்கும். பள்ளி முடிந்ததும் ரயில் பிடித்து வருவார். ஜூனில் பள்ளி திறக்கும்போது பட்டயம் கையில் இருந்தால் பதினோராம் வகுப்பு ஆங்கிலம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் அவரிடம் சொல்லியிருந்தது.

கார்த்திகையில் அவர் பக்கம் மழை ஊற்றியது. சம்பா வயலும் சாலையும் ஒன்றாகக் கிடந்தன. திருவாரூர் மாவட்டத்துக்கு நான்கு நாள் விடுமுறை. அதே நான்கு நாளும் தஞ்சாவூரில் வெயிலடித்தது, வகுப்பு நடந்தது; அவரால் வர முடியவில்லை. பங்குனியில் வருகைப் பட்டியல் ஒட்டினார்கள். தேர்வெழுதத் தேவையான வருகையில் ஆசிரியைக்கு மூன்று நாள் குறைவு. தேர்வு எழுத முடியாது. அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்து.

"நேரா ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன் சார்" என்றார்.

"வாய் வார்த்தைக்கு ஏது டீச்சர் ஆதாரம்? முறைப்படி போவோம். நான் எழுதித் தரேன்."

"மூணு நாளுக்கா சார்?"

"மூணு நாளோ முப்பது நாளோ, பேப்பர்ல இருக்கணும்."

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். ஏழாவது பிரிவு, அதற்கு என் விளக்கம், ஆட்சியரின் அறிவிப்பு, ரயில் சீசன் டிக்கெட் நகல். பதில் தவறாமல் வந்து சேர என் வீட்டு முகவரியையே கொடுத்தேன். கடைசியில், நிவாரணம் கிடைக்காத பட்சத்தில் உரிய மன்றத்தை அணுக நேரிடும் என்று ஒரு வரி. என் மேசைக்கு வந்த மனுக்களில் பாதி அந்த வரியோடுதான் முடியும். நான் ஒரு நாளும் பயந்ததில்லை.

"மிரட்டுற மாதிரி இருக்கே சார்."

"சம்பிரதாயம் டீச்சர். போடலேன்னா மதிக்க மாட்டாங்க."

கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது இருவரும் தேர்வுப் பிரிவுக்குப் போனோம். உதவியாளர் தபால் பதிவேட்டைப் புரட்டினார்.

"இது சட்டப் பிரிவுக்குப் போயிருக்குங்க."

"எதுக்கு?"

"கோர்ட்டுக்குப் போவோம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அப்படி வந்தா நாங்க கை வைக்கக் கூடாது. வக்கீல் கருத்து வரணும்." பிறகு ஆசிரியையின் பக்கம் திரும்பினார். "மன்னார்குடிப் பொண்ணுங்க நாலு பேரு இதே மழைக்கு வந்துச்சுங்கம்மா. வெள்ளைத்தாள்ல மூணு வரி. சூப்பிரண்டு அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டாரு."

ஆசிரியை பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நின்றபடியே மூன்று வரி எழுதி நீட்டினார்.

"வாங்க முடியாதுங்களே. ஒரு விஷயத்துக்கு ரெண்டு மனு இருக்கக் கூடாது."

சரியான விதி. அதைச் சொல்லி நானே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"முதல் மனுவ வாபஸ் வாங்கினா?" என்று கேட்டேன்.

"கோப்பு இங்க இருந்தாத்தானே சார் வாபஸ் வாங்க?"

வெளியே வந்ததும் ஆசிரியை அந்தத் தாளை நான்காக மடித்தார். "உங்க இங்கிலீஷ்ல பயந்துட்டாங்க சார்." சிரிக்கவில்லை.

மூன்று நாளும் சட்டப் பிரிவுக்குப் போன் போட்டேன். வக்கீல் மதுரையில் இருந்தார். பிறகு கோர்ட்டில் இருந்தார். பிறகு யாரும் எடுக்கவில்லை.

தேர்வன்று அவர் வந்திருந்தார். வாசலில், கையில் பேனாவோடு. மணி அடித்ததும் நான் உள்ளே போனேன். எனக்கு அடுத்த எண் மேசை காலி. அரை மணி கழிந்தால் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று விதி. அதுவரை வினாத்தாளைப் படிக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி கழிந்ததும் கதவைச் சாத்தினார்கள். எழுதத் தொடங்கினேன்.

ஜூனில் பதினோராம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். ஆசிரியை குடவாசல் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் சேர்ந்தார். ஒருமுறை போன் செய்தார்.

"ரிசல்ட் வந்துச்சா சார்?"

"வந்துச்சு டீச்சர்."

"ஃபர்ஸ்ட் கிளாஸா?"

"ஆமாம்."

"சந்தோஷம் சார்." வைத்துவிட்டார்.

ஏழாவது பிரிவுக்கு மனுதாரர் தரும் விளக்கம் ஏற்கப்படுகிறது, ஏப்ரல் மாதத் தேர்வை எழுத அவருக்கு அனுமதி அளிக்கப்படுகிறது என்ற பதில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஜூலை ஒன்பதாம் தேதி.