'தானே' இல்லாத கேள்வி

வெள்ளவத்தைச் சந்தையில் கீரைக் கட்டோடு நின்றபோது தொலைபேசி அடித்தது. சிவமலரின் கணவர் ராஜன். "மலர் போயிட்டா" என்றார். மலரோடு உளவியல் ஆய்வு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அவரிடம் ஏச்சு வாங்காத கிழமை எங்களில் எவருக்கும் இருந்ததில்லை. எல்லாரையும் விடக் கூட வாங்கியவன் நான்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர்களின் தனிமை பற்றிய ஆய்வு அது. ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பு எனக்கு. மூத்தோர் சங்கம் ஒன்றில் ஒரே பின்னேரத்தில் நாற்பது பெயர்களை எழுதிக்கொண்டு பெருமையோடு வந்தேன். மலர் பட்டியலைப் பார்த்தார். "கூட்டத்துக்கு வாறவையிட்டப் போய்த் தனிமையைப் பற்றிக் கேக்கிறீரோ? நல்ல கெட்டித்தனம்." பிறகு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீட்டு இலக்கங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். கதவு திறக்காவிட்டால் பக்கத்து வீட்டைத் தட்டக் கூடாது, திரும்பத்தான் போக வேண்டும். "திறக்காத கதவுக்குப் பின்னாலதான் எங்கட ஆள் இருக்கிறார்" என்பார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு நாலாம் மாடி. மூன்றாம் தரம் போனபோதுதான் ஐயா ஒருவர் திறந்தார். நல்லவேளை, அது கேள்விகளைச் சரிபார்க்கும் முன்னோட்டம்தான். நான் பரிவாகக் கேட்டேன்: "பிள்ளையள் அடிக்கடி கதைப்பினம்தானே?"

"ஓம், ஓம்" என்றார்.

படியிறங்கும்போது, கூட வந்திருந்த மலர் பிடித்துக்கொண்டார். "நீர் எங்க கேட்டனீர்? பதிலைக் கையில குடுத்திட்டு வாறீர். அந்தத் 'தானே'க்கு ஆர் இல்லையெண்டு சொல்லுவினம்?"

அடுத்த கிழமை அதே ஐயாவிடம் போய் மலரே கேட்டார்: "கடைசியா ஆரோட இருந்து கதைச்சனீங்கள்?"

ஐயா யோசித்தார். "உங்களோடதான். போன கிழமை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வினாக்கொத்து முழுவதிலும் 'தானே'யைத் தேடித் தேடி வெட்டினோம்.

களுபோவில ஆஸ்பத்திரியில் மலரைக் கடைசியாகப் பார்த்த பின்னேரம், புத்தி கெட்ட நான் மறுபடியும் கேட்டேன்: "இப்ப சுகம்தானே?"

சோர்ந்த முகத்தில் பழைய குறும்பு வந்தது. "வந்தவை எல்லாருக்கும் ஓம் எண்டுதான் சொன்னனான், குகன். நீராவது ஒழுங்காக் கேளும்."

"எப்பிடி இருக்கிறீர்?"

"பயமாக் கிடக்கு" என்றார்.

பார்வையாளர் நேரம் முடியும்வரை அந்தப் பயத்தைப் பற்றியே கதைத்தோம். பொய்த் தைரியம் எதுவும் நான் சொல்லவில்லை. அந்த ஒரு நிம்மதி எனக்கு இருக்கிறது.

மலரின் முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்து ராஜனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "சமாளிக்கிறீங்கள்தானே" என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "இண்டைக்கு ஆரோட கதைச்சனீங்கள்?" என்றேன்.

"ஒருத்தரோடையும் இல்லை."

மலர் எனக்கு விட்டுப்போனது இந்தக் கேள்விதான். உண்மையான பதில் வந்தால் எழுந்து அந்த ஆளிடம் போக வேண்டும் என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அன்று பின்னேரத் தேத்தண்ணியை ராஜன் வீட்டில் குடித்தேன்.