சரி, தவறு, தரவு போதாது

காலை ஏழு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டவை பத்து தண்ணீர் பாட்டில்களும் ஒரு ஹெல்மெட்டும். கிளை நூலகத்தின் பூட்டிய கம்பிக் கதவுக்கு முன்னால் அவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஹெல்மெட் ஆறாவது இடத்தில் இருந்தது. ஆட்கள் யாரும் இல்லை. எதிர்ப்புறம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கும் இந்த வரிசைக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

எட்டு மணிக்கு நூலகர் வந்து கதவைத் திறந்தார். பாட்டில்களைத் தாண்டி முதல் ஆளாக உள்ளே போனேன். வாசிப்புக் கூடத்தில் இரண்டு மின்விசிறிகள். ஒன்றுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துப் பிரித்தேன்.

இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கையில் பெட்டிக் கோப்பு, தண்ணீர் பாட்டில், டிபன் பை.

"உக்காரணுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க அம்மணி, நீங்க உக்காருங்க. எனக்கு நின்னுட்டே படிச்சாத்தான் மண்டைல ஏறும்."

நம்பிவிட்டேன். சுவரில் சாய்ந்து நாற்பது நிமிடம் நின்றுகொண்டே படித்தார். நான் இருபத்திரண்டு பக்கம் முடித்தேன். பிறகு நூலகர் வந்து என் காதருகே சொன்னார்: "அம்மணி, அவங்க உன்ற சீட்டுக்குத்தான் நிக்கறாங்க. மொத பாட்டில் அவங்களுது."

எழுந்துகொண்டேன். அந்தப் பெண் அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

நான் அப்போது பி.காம். முடித்திருந்தேன். வீடு கோவை கணபதியில், அப்பாவின் பட்டறைக்கு மேல் மாடியில். கீழே லேத்தில் மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைவார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை தரை அதிரும். வங்கித் தேர்வுக்கு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா மறுக்கவில்லை. "ஜூன் வரைக்கும் படி கண்ணு. ஆச்சுன்னா பேங்க்கு. ஆகலீன்னா நம்ம கேபின்ல வந்து உக்காந்துக்க" என்றார். கேபின் என்பது பட்டறையின் மூலையில் கண்ணாடி அடைத்த, ஆறுக்கு எட்டு அடி அறை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், முந்தைய ஆண்டுக் காலண்டர்.

வங்கித் தேர்வுப் புத்தகம் ஒன்றையும் வாங்கினேன். அது தினமும் என்னோடு நூலகத்துக்கு வந்து, என்னோடு வீடு திரும்பியது. நான் படித்தது கதைகளை.

கூடத்தில் கதை படித்தவள் நான் ஒருத்திதான். மற்ற எல்லோரும் அரசுப் பணித் தேர்வுக்காரர்கள். கதை அலமாரிகளின் பக்கம் யாரும் வராததால் அங்கே புத்தகங்கள் எண் வரிசை மாறாமல் இருந்தன. கீழ்த் தட்டிலிருந்து தொடங்கினேன். மேல் தட்டுக்கு ஸ்டூல் வேண்டும், ஸ்டூலின் மேல் எப்போதும் டிபன் பைகள் இருந்தன.

இரண்டாவது வாரத்திலிருந்து நானும் பாட்டில் வைத்தேன். மதிய உணவுக்கு மாடிப்படியில் மூன்று பேர் சேர்ந்து உட்கார்வது வழக்கமாயிற்று. ஒருவர், நின்றுகொண்டே படித்த அந்த அக்கா. ஊர் சத்தியமங்கலம், கணபதியில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தார். இன்னொருவர், அந்த ஹெல்மெட்டின் சொந்தக்காரரான அண்ணன். மதுக்கரையிலிருந்து பைக்கில் நகரத்தைக் குறுக்காகக் கடந்து வருவார். வழியில் நாலு நூலகம் இருக்கிறதே என்று கேட்டேன்.

"எங்கூர்ப் பக்கம் படிச்சா தெரிஞ்சவிய வந்து, இன்னுமா ரிசல்ட்டு வரலீங்கறாங்க. இங்க அந்தத் தொந்தரவு இல்லீங்க" என்றார்.

என் புத்தகத்தைப் பார்த்து அவர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "இதுல எத்தன மார்க்குக்குங்க வரும்?"

அக்கா கேட்டது வேறு. படித்த கதையைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்ல வேண்டும். சொல்லும்போது நடுவில் நிறுத்துவார்.

"இருங்க அம்மணி. அவன் என்ன வேலைக்குப் போறான்?"

"அது கதையில வரலீங்கக்கா."

"காலைல எந்திரிச்சு கடலப் பாக்கறான், சாயந்திரம் அந்தப் புள்ளையப் பாக்கறான். சோத்துக்கு என்ன பண்றான்?"

மத்தியானம் திரும்பப் போய் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் அவன் ஒரு நாளும் வேலைக்குப் போகவில்லை. இரண்டு முறை காப்பி குடித்தான். அதன்பின் எந்தக் கதையைத் திறந்தாலும் ஆட்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதில் வருகிறார்கள், மழை பெய்தால் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். வேகம் குறைந்தது. வாரம் நான்கு புத்தகம் படித்தவள் ஒன்றரைக்கு வந்தேன். அக்காவின் கேள்விகளில் மாட்டாத புத்தகங்கள் சில இருந்தன. அவற்றை இரண்டாம் முறையும் படித்தேன்.

ஏப்ரல் நடுவில், நாளிதழ் மேசையில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். கோவைப் பதிப்புக்குப் பயிற்சிச் செய்தியாளர்கள் தேவை. 'நான் தினமும் பார்க்கும் இடம்' என்ற தலைப்பில் ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதி அனுப்ப வேண்டும். தேர்வாகும் கட்டுரை எழுதியவரின் பெயரோடு ஞாயிறு இணைப்பில் வெளியாகும். கடைசி நாளுக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. அது கிடைத்தால் கேபின் இல்லை. கிடைக்காவிட்டால் ஜூன் முதல் தேதி கேபின். எனக்கு வேறு கணக்கு இருக்கவில்லை.

நூலகத்தைப் பற்றி ஒரே மாலையில் எழுதி முடித்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மறுநாள் மாடிப்படியில் இருவரிடமும் கொடுத்தேன். அண்ணன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். மாதிரித் தேர்வுத் தாளைத் திருத்துவது போல வாக்கியத்துக்கு வாக்கியம் குறி போட்டார். சரி என்றால் டிக். தவறு என்றால் கிராஸ். இரண்டும் இல்லையென்றால் 'த.போ.' அதாவது தரவு போதாது.

"கூடத்தில் ஆழ்ந்த அமைதி குடிகொண்டிருந்தது" என்பதற்குக் கிராஸ்.

"ஃபேனு ரெண்டும் கடகடங்குது. பின்னால சந்துல வெல்டிங் நடக்குது. இதுல எங்கீங்க அமைதி?"

"ஆயிரம் கனவுகளோடு இளைஞர்கள் அமர்ந்திருக்கிறார்கள்" என்பதற்கு த.போ.

"எனக்கு ஒரே கனவுதானுங்க. கிராம நிர்வாக அலுவலர்" என்றார் அண்ணன்.

"எனக்கு அதுவும் வரதில்லீங்க. படுத்தா அடிச்சுப்போட்டாப்ல தூங்கிப்போடறேன்" என்றார் அக்கா.

முப்பத்தொரு வாக்கியங்களில் டிக் வாங்கியவை நான்கு. அதில் ஒன்று, நூலகம் எட்டு மணிக்குத் திறக்கும் என்பது.

"பாஸ் மார்க்கு எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.

"நெகட்டிவ் மார்க்கு வேற இருக்குதுங்க" என்றார் அண்ணன்.

கோபம் வந்தது. அன்று மாலை வரை இருவரிடமும் பேசவில்லை. அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. மறுநாள் புத்தகம் எடுக்காமல் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, பார்த்ததை நேரத்தோடு எழுதினேன். எட்டு ஐந்துக்குள் மின்விசிறிக்குக் கீழ் இடம் எல்லாம் நிறைந்துவிடும். பத்தரைக்கு வருபவர் நாளிதழில் ராசிபலனை மட்டும் படித்துவிட்டுப் போவார். பதினொன்றேகாலுக்கு மின்சாரம் போனால் யாரும் தலை நிமிர்வதில்லை, நோட்டால் விசிறிக்கொண்டே படிக்கிறார்கள். ஒன்று பத்துக்கு அக்காவுக்குப் போன் வரும்.

அந்தப் போனை மூன்று மாதமாகக் கேட்டிருந்தேன். அன்றுதான் எழுதினேன். சத்தியமங்கலத்திலிருந்து அவருடைய அப்பா பேசுவார். அக்கா மாடிப்படியில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, "சாப்டனுங்கப்பா, இப்பத்தான் கேண்டீன்ல. ஆமாங்கப்பா, மேனேஜரு நல்ல மாதிரிங்க" என்பார். அக்கா கம்பெனி வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாது. மெயின் தேர்வு முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

அந்தப் போன் பேச்சைக் கடைசிப் பத்தியாக வைத்தேன். எழுதி முடித்ததும் தெரிந்தது, கட்டுரை அங்கேதான் எழுந்து நிற்கிறது. மீதி எல்லாம் அதற்குப் போகும் வழி.

அக்காவிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனாவை அண்ணனிடமிருந்து வாங்கித் தானே குறி போட்டார். இருபத்தெட்டு வாக்கியங்களில் இருபத்தாறு டிக். கடைசிப் பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் டிக். பிறகு பேனாவை மூடினார்.

"எல்லாம் சரியான விடைதானுங்க அம்மணி. நம்ம மேனேஜர உட்டுப்போடாம எழுதீருக்கறீங்க." கொஞ்சம் சிரித்தார். "ஆனா எங்கூட்டுலயும் இந்தப் பேப்பர்தான் வாங்கறாங்க."

"பேரு போடலீங்கக்கா. ஊரையும் மாத்திப்போடறேன்."

"மாத்துனா இவரு கிராஸ் போடுவாருங்களே."

அண்ணன் எழுந்துகொண்டார். டிபன் பாக்ஸைக் கழுவப் போனார்.

அதைப் போட வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை. "நீங்க பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். அவர் நின்றுகொண்டே படித்த அந்த நாற்பது நிமிடத்தை நான் அறிவேன். அதனால் அவர் என்ன சொல்ல வந்தார் என்று புரிந்தது.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் இருந்தது. கடைசிப் பத்தியை நீக்கிப் பார்த்தேன். கட்டுரை பாட்டில்களில் தொடங்கி மின்வெட்டில் முடிந்தது. தவறு ஒன்றும் இல்லை. யாரும் இரண்டாம் முறை படிக்க மாட்டார்கள். திரும்பச் சேர்த்துப் பார்த்தேன். எடுத்தேன். அஞ்சலில் அல்ல, மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும் என்பதால் கடைசி மாலை வரை இப்படியே போயிற்று.

ஐந்தரைக்குப் பையைக் கட்டும்போது வங்கித் தேர்வுப் புத்தகம் கையில் வந்தது. உட்கார்ந்து வேறொரு கடைசிப் பத்தி எழுதினேன். இந்தக் கூடத்தில் கதை மட்டும் படிக்கும் ஒருத்தி இருக்கிறாள், வீட்டில் வங்கித் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அவளுடைய புத்தகத்தில் முதல் பதினான்கு பக்கங்கள் மட்டும் அடிக்கோடிடப்பட்டிருக்கின்றன, அதையும் அவள் ஒரே நாளில் செய்தாள், இந்தக் கட்டுரையை எழுதுவது அவள்தான். ஐந்து வாக்கியம். யாரிடமும் காட்டாமல் ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன்.

மே கடைசியில் ஒரு வியாழக்கிழமை நாளிதழ் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். பயிற்சிக்கு எடுத்திருக்கிறோம், கட்டுரை இந்த ஞாயிறு வருகிறது என்றார்கள். வெள்ளியும் சனியும் அப்பாவிடம் சொல்ல இருந்தன. வெள்ளிக்கிழமை அவர் ஒரு ஆர்டரை முடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை எந்தக் காரணமும் இல்லை, ஆனாலும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அக்காவின் போன் வந்தது. சிரிப்பில் பேச்சு விட்டுவிட்டு வந்தது.

"எங்கப்பா இப்பத்தான் கூப்பிட்டாருங்க. பேப்பர்ல ஒரு புள்ள எழுதீருக்குது, கோயமுத்தூர்ல புள்ளைங்க இப்பிடியெல்லாம் ஊட்டுல பொய் சொல்லீட்டுத் திரியுதுங்களாம், நீ சேர்க்கை பாத்து இருந்துக்கன்னாருங்க."

"நீங்க என்னங்கக்கா சொன்னீங்க?"

"ஆமாங்கப்பா, காலம் கெட்டுப்போச்சுங்கன்னு சொல்லிப்போட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். ஞாயிறு என்பதால் பட்டறையில் ஆள் இல்லை. அப்பா பனியன் வேஸ்ட் துணியால் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேபின் மேசையில் ஞாயிறு இணைப்பு விரித்திருந்தது. அதன் மேல், கறைபடாமல் இருக்க ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, என் வங்கித் தேர்வுப் புத்தகம். அதை அவர் மாடியிலிருந்து எப்போது எடுத்து வந்தார் என்று தெரியவில்லை.

"பதினாலு பக்கம்னு போட்டிருக்கற" என்றார், திரும்பாமல்.

"ஆமாங்கப்பா."

"எண்ணிப் பாத்தேன். பதினஞ்சு இருக்குது."

நானும் எண்ணினேன். பதினைந்தாம் பக்கத்தின் மேலே ஒரே ஒரு வரிக்குக் கோடு இருந்தது. பதினைந்துதான்.

"பேப்பர்ல வேலைக்குப் போறவ இப்பிடித் தப்பா எழுதுனா எப்பிடி கண்ணு?" என்றார். "போ, போய் உங்கம்மாகிட்டச் சொல்லு. அவ இன்னும் படிக்கல. காப்பி குடிச்சதுக்கப்பறம் சொல்லு."

அம்மா காப்பி குடித்த பிறகு சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, போட்டோ ஏன் போடவில்லை என்பது.

திங்கட்கிழமை காலை பட்டறையின் ஷட்டரில் ஒரு அட்டை தொங்கியது. கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேவை என்று அதில் எழுதியிருந்தது.