மடங்காத நடுவிரல்

ஜெயினுலாப்தீன் தாராவித் தோல் கிடங்கில் ஈரத்தோலின் உட்புறச் சவ்வைச் சீவுகிறவர். இருபக்கமும் பிடியுள்ள கத்தியை அவர் இழுத்தால் தோலில் ஒரு கீறல் விழாது. 1964 மழைக்காலத்தில் அந்தக் கத்தியே வழுக்கி அவருடைய வலது உள்ளங்கையில் இறங்கியது. காயம் ஆறியது. ஆனால் நடுவிரல் உள்ளங்கைப் பக்கம் வளைந்து அப்படியே இறுகிவிட்டது. அந்த விரலை வைத்துக்கொண்டு கத்திப் பிடியைப் பற்ற முடியவில்லை. "கை சரியானா வாரும், கத்தி ஒமக்குத்தான்" என்று மேஸ்திரி வாக்குக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் விரலைக் கிழித்து, தழும்போடு ஒட்டிக்கிடந்த தசைநாரை விடுவித்தார்கள். ஜெயினுலாப்தீனின் மனைவி ஷரீஃபுன்னிசாவை டாக்டர் அருகே உட்காரவைத்து ஒவ்வொரு கணுவாக மடக்கி நீட்டிக் காட்டினார். "அவர் கத்தினாலும் விடாதே. சும்மா இருந்தால் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்" என்று இந்தியில் சொன்னது அவளுக்கு நன்றாகவே விளங்கியது.

விளங்குவது வேறு, செய்வது வேறு. அவள் விரலைத் தொட்டதுமே மனுஷன் பல்லைக் கடிப்பார். அதற்கும் அடங்காமல் அலறுவார். குழாயடியில் கேலி கிளம்பியது.

"என்னட்டி ஷரீபு, வளவி வாங்கித் தரச்சொல்லி புருசன் கையத் திருவுதியா? ஊருக்கே கேக்கு!"

பக்கத்து அறைச் சொர்ணம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் தகப்பனார் தென்காசிப் பக்கம் எலும்புமுறிவுக்குக் கட்டுப் போட்டவர்.

"அறுத்த எடத்த ஆட்டிக்கிட்டே இருந்தா எப்பிடிட்டி ஒட்டும்?"

"ஒட்டக் கூடாதுன்னுதான்க்கா டாக்டர் சொன்னாரு."

"ஆமா, ஒட்டாமத்தான் புண்ணு ஆறும்! வலி டாக்டருக்கா, ஒம் புருசனுக்கா?"

அன்று மத்தியானமே உளுந்தமாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் சிம்பு வைத்து விரலை நேராக்கிக் கட்டினார்கள். வலி நின்றது. ஜெயினுலாப்தீன் வெகுநாளைக்குப் பிறகு முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார். கட்டைக் கண்டால் டாக்டர் ஏசுவாரே என்று ஷரீஃபுன்னிசா ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டாள்.

மாதம் ஒன்று கழித்து அவிழ்த்தபோது விரல் ஈர்க்குச்சி போல நிமிர்ந்திருந்தது.

"பாத்தியாட்டி!" என்று சொர்ணம்மாள் கூவினாள்.

"மடக்குங்க, பாப்போம்" என்றாள் ஷரீஃபுன்னிசா.

அவர் மடக்கினார். நடுவிரலின் விறைப்பு இழுக்க, மற்ற விரல்களும் பாதி வந்து நின்றன. நடுவிரல் அசையவே இல்லை.

டாக்டர் ஏசவில்லை. விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இனி அறுத்தால் இருப்பதும் போகும்" என்றார். அவர் ஏசியிருந்தாலே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மேஸ்திரி சொன்னபடியே கத்தியைக் கொடுத்துப் பார்த்தார். முதல் இழுப்பிலேயே பிடி நழுவித் தோல் கிழிந்தது. ஜெயினுலாப்தீன் தாமே கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தோலுக்குப் போடும் உப்பு மூட்டை சுமக்கிறவர்களோடு போய் நின்றுகொண்டார்.

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது விரல் விறைத்து நிற்க, சோறு கையிலிருந்து உதிர்ந்தது. ஷரீஃபுன்னிசா கரண்டியை எடுத்து நீட்டினாள்.

"அது வேண்டாம்ளா" என்றார். "நாளையிலேருந்து சோத்தக் கொஞ்சம் கொழைய வடிச்சிரு."

சோறு குழைந்தால் தட்டையே தள்ளிவிடுகிற மனுஷன். மறுநாளிலிருந்து அவள் குழையவே வடித்தாள்.